ஒரே அர்த்தம்தானே என்கிறீர்களா? ஆங்கில வினைச்சொற்களின் அதிசயங்கள் தெரியுமா?

‘ரன்’ என்றால் என்ன? ஓடு! ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். ஆனால் ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதிக்காக அந்தச் சொல்லைப் பிரித்து மேய்ந்தபோது, வினையாக மட்டும் எத்தனை பொருள் கிடைத்தது தெரியுமா? 645! அந்த ஒரே ஒரு வினையோடு அகராதியாளர் பீட்டர் கில்லிவர் மல்லுக்கட்டிய காலம் எவ்வளவு தெரியுமா? 9 மாதம்! ஒரு பிள்ளையையே பெற்றெடுத்துவிடலாம்!

அதற்கு முன் சாதனையை வைத்திருந்தது எது? ‘செட்’! 1989-ல் வந்த இரண்டாம் பதிப்பில் அதற்கு 430 பொருள். விளக்கம் மட்டும் 60,000 சொற்கள். மூன்று எழுத்துச் சொல்லுக்கு ஒரு நாவல் அளவு விளக்கம்!

சரி, தேர்தலில் நாம் என்ன செய்கிறோம்? நிற்கிறோம். பிரிட்டனிலும் நிற்கிறார்கள், அங்கே வேட்பாளருக்கு ‘ஸ்டாண்ட்’. அமெரிக்காவில்? ஓடுகிறார்கள்! அங்கே ‘ரன்’! ஒரே மொழி, ஒரே வேலை. ஒரு நாட்டில் நின்றால் ஓட்டு, இன்னொரு நாட்டில் ஓடினால் ஓட்டு!

சொல்வதா, எண்ணுவதா?

‘சே’, ‘டெல்’ இரண்டுமே ‘சொல்’தானே? பிறகு ஏன் ‘ஹி செட் மீ’ என்றால் வாத்தியார் சிவப்பு மையில் சுழிக்கிறார்? ‘டெல்’ என்றால் யாரிடம் என்பது உடனே ஒட்டிக்கொண்டு வர வேண்டும்: ‘ஹி டோல்ட் மீ’. ‘சே’ அப்படி இல்லை. ஆள் வேண்டுமென்றால் நடுவில் ஒரு ‘டு’ கேட்கும்: ‘ஹி செட் டு மீ’.

இது இலக்கணம். அதிசயம் இனிமேல்தான்! ‘டெல்’லின் பழைய பொருள் என்ன தெரியுமா? எண்ணுதல்! ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுகிறோமே, அந்த எண்ணுதல்! நம்பவில்லையா? வங்கியில் பணம் எண்ணித் தருபவரை ஏன் ‘டெல்லர்’ என்கிறார்கள்? அவர் கதை சொல்பவரா? எண்ணுபவர்! எண்ண முடியாத செல்வத்துக்கு ‘அன்டோல்ட் வெல்த்’ என்று பெயர். ஜெர்மன் மொழியில் இன்றைக்கும் ‘ட்ஸேலன்’ என்றால் எண்ணு. முன்னால் ஒரு அசை சேர்த்து ‘எர்ட்ஸேலன்’ என்றால் கதை சொல்! நடந்தவற்றை ஒவ்வொன்றாக எண்ணி அடுக்குவதுதான் கதை சொல்வது என்று அந்தக் காலத்து மனிதர்களுக்குப் பட்டிருக்கிறது. நமக்கு மட்டும் என்னவாம்? தமிழில் ‘எண்ணு’ என்றால் கணக்கும் உண்டு, நினைப்பும் உண்டு!

‘பார்’ ஒன்று, பாதை ஆறு!

தமிழில் டிவி பார்ப்போம். டாக்டரைப் பார்ப்போம். வேலை பார்ப்போம். பையனுக்குப் பெண் பார்ப்போம். உப்பு சரியா என்று ருசி பார்ப்போம். சட்டையைப் போட்டுப் பார்ப்போம். அத்தனையும் ‘பார்’! இதை ஆங்கிலத்தில் சொல்ல எத்தனை வினை வேண்டும் தெரியுமா? டிவிக்கு ‘வாட்ச்’, டாக்டருக்கு ‘சீ’, வேலைக்கு ‘வொர்க்’, பெண் தேட ‘லுக் ஃபார்’, ருசிக்கு ‘டேஸ்ட்’, சட்டைக்கு ‘ட்ரை ஆன்’. ஆறு இடம், ஆறு வினை!

அதிலும் டாக்டரை ‘சீ’ செய்தால் வைத்தியம். ‘வாட்ச்’ செய்தால் கண்காணிப்பு! காய்ச்சலோடு போனவர் உளவாளி ஆகிவிடுவார்!

‘போடு’ இன்னும் பிரமாதம்! தோசை போடு, ஃபேன் போடு, கையெழுத்துப் போடு, சண்டை போடு, கோலம் போடு, மாத்திரை போடு, தூக்கம் போடு, உண்டியலில் காசு போடு. இத்தனைக்கும் ‘புட்’ என்று வைத்துக்கொண்டு பேசினால் எப்படி இருக்கும்? ‘புட் தி ஃபேன்’ என்று நம் ஊரில் எத்தனை பேர் சொல்லிக் கேட்டிருக்கிறோம்! அது அறியாமை இல்லை. தமிழ் மூளை தன் வழக்கப்படி வேலை செய்திருக்கிறது, அவ்வளவுதான். ஆங்கிலத்தில் தோசைக்கு ‘மேக்’, ஃபேனுக்கு ‘ஸ்விட்ச் ஆன்’, கையெழுத்துக்கு ‘சைன்’, மாத்திரைக்கு ‘டேக்’. மாத்திரையை அவர்கள் சாப்பிடுவதுகூட இல்லை, எடுத்துக்கொள்கிறார்கள்! சூப்பை மட்டும் ஸ்பூனால் எடுத்தால் ‘ஈட்’, கோப்பையைத் தூக்கி வாயில் வைத்தால் ‘ட்ரிங்க்’. அதே சூப்!

விழு, வீழ்த்து... ஆங்கிலத்திலுமா?

இது எனக்கு மிகவும் பிடித்தது. நிதானமாகப் படியுங்கள்!

தமிழில் விழு என்றால் தானாக விழுவது. வீழ்த்து என்றால் இன்னொன்றை விழவைப்பது. எழு, எழுப்பு. அமர், அமர்த்து. உருள், உருட்டு. ஆங்கிலத்திலும் இந்த ஜோடிகள் ஒரு காலத்தில் தாராளமாக இருந்தன என்றால் நம்புவீர்களா? ‘ஃபால்’ என்றால் விழு. ‘ஃபெல்’ என்றால் வீழ்த்து! மரம் வெட்டிச் சாய்ப்பதற்கு இன்றைக்கும் ‘ஃபெல்’தான். ‘சிட்’ என்றால் உட்கார், ‘செட்’ என்றால் உட்காரவை. ஆம், 430 பொருள் கொண்ட அதே ‘செட்’!

‘லை’ என்றால் கிட. ‘லே’ என்றால் கிடத்து. அதனால்தான் கோழி முட்டையை ‘லே’ செய்கிறது. நாய் திண்ணையில் ‘லை’ செய்கிறது. இதுவரைக்கும் சுலபம். ஆனால் ‘லை’யின் இறந்தகாலம் என்ன தெரியுமா? ‘லே’! நேற்று நாய் கிடந்தது என்று சொல்லப்போனால், கிடத்துவதற்கான சொல் வந்து நிற்கும்! ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசுகிறவர்களே இங்கே தடுக்கி விழுகிறார்கள். பாப் டிலன் 1969-ல் வெளியிட்ட புகழ்பெற்ற பாட்டின் தலைப்பு ‘லே லேடி லே’. பள்ளி இலக்கணப்படி அது ‘லை லேடி லை’ என்றல்லவா இருக்க வேண்டும்! 2016-ல் அவருக்கு இலக்கிய நோபல் பரிசே கிடைத்தது!

இந்த வரிசையில் இன்னோர் அதிசயம்: ‘ட்ரிங்க்’ என்றால் குடி. குடிக்கவைப்பதற்கு? ‘ட்ரென்ச்’! இன்று மழையில் தொப்பலாக நனைவதற்குச் சொல்கிறோமே, அதே சொல். மாட்டின் வாயைத் திறந்து மருந்தைப் புகட்டுவதற்கு ஆங்கில நாட்டுக் கால்நடை வைத்தியர்கள் இன்றும் ‘ட்ரென்ச்’ என்றுதான் சொல்கிறார்கள். மழை நம்மைப் பிடித்து வைத்துக் குடிக்கவைக்கிறது!

‘ரைஸ்’ என்றால் எழு. எழுப்புவதற்கு ஆங்கிலத்தின் சொந்தச் சொல் ‘ரியர்’. அப்படியானால் ‘ரெய்ஸ்’ எங்கிருந்து வந்தது? கடல் கடந்து வந்த வைக்கிங்குகளின் நார்ஸ் மொழியிலிருந்து! இரண்டுக்கும் ஒரே மூலவேர். பிரிந்த இரட்டைப் பிள்ளைகள் பல நூற்றாண்டு கழித்து ஒரே வீட்டில் வந்து சேர்ந்த மாதிரி!

வைக்கிங்குகள் ‘எடுத்த’ சொல்

‘டேக்’ என்ற அன்றாட வினைகூட ஆங்கிலத்தின் சொந்தச் சொல் இல்லை, தெரியுமா? அதுவும் நார்ஸ் சரக்குதான். எடுத்துக்கொள் என்பதற்கு ஆங்கிலத்தில் ‘நிமன்’ என்று ஒரு வினை இருந்தது. அது மறைந்தே போய்விட்டது. ஆனால் ஒரு சின்னத் தடம் மிச்சம்: கை மரத்துப்போனால் ‘நம்’ என்கிறார்களே, அதன் உண்மைப் பொருள் ‘எடுக்கப்பட்டது’. உணர்ச்சி எடுக்கப்பட்டுவிட்டது!

இன்னொன்று கேளுங்கள். ‘ஸ்டார்வ்’ என்றால் பட்டினி. ஆனால் முன்பு அதன் பொருள் வெறுமனே ‘சாவு’! ஜெர்மனில் ‘ஷ்டெர்பன்’ என்றால் இன்றும் சாவுதான். ‘டை’ வந்து பொதுவான சாவை எடுத்துக்கொள்ள, ‘ஸ்டார்வ்’ ஓரமாக ஒதுங்கி ஒதுங்கி, கடைசியில் பசியால் சாவது என்று சுருங்கிப்போனது.

‘கோ’வின் இறந்தகாலம் ஏன் ‘வென்ட்’? ஓர் எழுத்தாவது ஒத்துப்போகிறதா? போகாது! ‘வென்ட்’ உண்மையில் இன்னொரு வினையின் பிள்ளை. ‘வெண்ட்’ என்று, வளைந்து வளைந்து செல்வதற்கு ஒரு வினை உண்டு. அதன் இறந்தகாலத்தை ‘கோ’ அப்படியே தூக்கிக்கொண்டது! பறிகொடுத்த ‘வெண்ட்’ என்ன செய்தது? ‘வெண்டெட்’ என்று புதிதாக ஒன்றைச் செய்துகொண்டது.

இன்ஜினைத் தொடங்க எந்தச் சொல்?

1066-ல் பிரெஞ்சு பேசிய நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்தார்கள். அதன் பலன், ஒரே செயலுக்கு இரண்டு மூன்று உடுப்பு! கேள்வி கேட்பதற்கு வீட்டில் ‘ஆஸ்க்’, பிரெஞ்சு வாசனையோடு ‘க்வெஸ்ச்சன்’, லத்தீன் மிடுக்கோடு ‘இன்டெராகேட்’. அம்மா ‘ஆஸ்க்’ செய்வார், வக்கீல் ‘க்வெஸ்ச்சன்’ செய்வார், போலீஸ் ‘இன்டெராகேட்’ செய்யும்!

தொடங்குவதற்கு ‘பிகின்’, ‘ஸ்டார்ட்’, ‘கமென்ஸ்’. மூன்றும் ஒன்றுதானே? அப்படியானால் கார் இன்ஜினை ‘பிகின்’ செய்யுங்கள் பார்க்கலாம்! முடியாது! ஏன்? ‘ஸ்டார்ட்’டின் பழைய பொருள் துள்ளுதல், திடுக்கிட்டுக் குதித்தல். திடுக்கிடவைக்கும் ‘ஸ்டார்ட்டில்’ அதன் உறவுக்காரச் சொல்தான். தூங்கிக் கிடந்த இன்ஜின் துள்ளி எழுகிறது அல்லவா!

‘ஆன்ஸர்’ பதில் சொல்வதுதானே? பிறவியிலேயே அது நீதிமன்றச் சொல்! ‘எதிர்த்துச் சத்தியம் செய்தல்’ என்பதுதான் அதன் மூலப்பொருள். அதற்குள் ‘ஸ்வேர்’ ஒளிந்திருக்கிறது! எழுத்துக்கூட்டில் உச்சரிக்காமல் நிற்கும் அந்த ‘டபிள்யூ’ ஏன் என்று இப்போது புரிகிறதா?

தண்ணீரை நிரப்பாதீர்கள்!

‘ஃபில் வாட்டர் இன் தி பாட்டில்’. நம் ஊரில் தினமும் காதில் விழுகிற வாக்கியம். தவறென்று தோன்றுகிறதா? ஆங்கிலேயர் காதுக்கு இடறும்! ‘ஃபில்’ என்றால் பாத்திரத்தைத்தான் பிடிக்கும்: ‘ஃபில் தி பாட்டில் வித் வாட்டர்’. ‘போர்’ என்றால் நேர் எதிர். தண்ணீரைத்தான் பிடிக்கும், பாத்திரத்தைத் தொடாது. ‘லோட்’ மட்டும் பெருந்தன்மை: லாரியையும் ‘லோட்’ செய்யலாம், வைக்கோலையும் ‘லோட்’ செய்யலாம்!

ஒரு வினை எதைப் பிடிக்கும், எதை விடும் என்று பெத் லெவின் என்ற மொழியியல் அறிஞர் 1993-ல் ஒரு புத்தகமே போட்டார். அதில் எத்தனை வினை தெரியுமா? 3,000-க்கும் மேல்! ‘பிரேக்’, ‘ஹிட்’ இரண்டையும் பாருங்கள். ‘தி கிளாஸ் ப்ரோக்’ என்றால் கண்ணாடி உடைந்தது, சரி. ‘தி கிளாஸ் ஹிட்’ என்றால் அடிபட்டது என்று யாருக்கும் புரியாது!

‘வின்’ செய்வது மேட்சை. ‘பீட்’ செய்வது எதிரணியை. ‘ஸ்டீல்’ செய்வது பணத்தை; ‘ராப்’ செய்வது வங்கியை. ‘லெண்ட்’ கடன் கொடு, ‘பாரோ’ கடன் வாங்கு. ஜெர்மன்காரர்களுக்கு இரண்டுக்கும் ‘லையன்’ என்று ஒரே வினை! கொடுத்தாரா வாங்கினாரா என்று முழு வாக்கியத்தையும் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்!

‘ஓவர்சீ’ மேற்பார்வை. ‘ஓவர்லுக்’ கவனிக்காமல் விடுதல். ‘சீ’யும் ‘லுக்’கும் ஒன்றுதானே? மேலே ‘ஓவர்’ ஏறியதும் ஒன்று கண்ணைத் திறக்கிறது, மற்றது மூடுகிறது! வீடு ‘பர்ன் அப்’ ஆனாலும் எரிகிறது, ‘பர்ன் டவுன்’ ஆனாலும் எரிகிறது! விண்ணப்பத்தை ‘ஃபில் இன்’ செய்தாலும் ஒன்று, ‘ஃபில் அவுட்’ செய்தாலும் ஒன்று!

கணித மேதை வைத்த வினை விதி

முடிவிலிக்கு ∞ என்ற குறியைக் கணிதத்தில் கொண்டுவந்தவர் யார்? ஜான் வாலிஸ், 1655-ல். அதற்கு இரண்டு வருடம் முன்பு அதே மனிதர் என்ன செய்தார் தெரியுமா? ‘ஷல்’, ‘வில்’ இரண்டையும் எங்கே போடுவது என்று விதி எழுதினார்! ஆங்கில இலக்கணத்தை எந்த மொழியில் எழுதினார்? லத்தீனில்! ‘நான்’ என்றால் சாதாரண எதிர்காலத்துக்கு ‘ஷல்’, உறுதிமொழிக்கு ‘வில்’. நீ, அவன் என்றால் அப்படியே தலைகீழ்!

இதை வைத்து ஆங்கில வாத்தியார்கள் ஒரு பழைய கதை சொல்வார்கள். ஆற்றில் விழுந்த ஒருவன் ‘ஐ வில் ட்ரௌன், நோபடி ஷல் சேவ் மீ’ என்று அலறினானாம். மூழ்கப்போகிறேனே, யாரும் காப்பாற்ற மாட்டார்களே என்பது அவன் நினைத்தது. வாலிஸ் விதிப்படி அர்த்தம் என்ன? மூழ்கியே தீருவேன், யாரும் காப்பாற்றக் கூடாது! கரையில் நின்றவர்கள் இலக்கணம் தெரிந்தவர்களாம்!

உங்கள் கைபேசிக்குப் பின்னாலும் இந்த வினைகள் இருக்கின்றன, தெரியுமா? இணையத்தின் தொழில்நுட்ப விதிகளில் ‘மஸ்ட்’, ‘ஷல்’, ‘ஷுட்’, ‘மே’ எதற்கு எவ்வளவு அழுத்தம் என்று 1997-ல் ஓர் ஆவணமே வந்தது. எழுதியவர் ஹார்வர்டில் இருந்த ஸ்காட் பிராட்னர். ‘மஸ்ட்’, ‘ஷல்’ கட்டாயம், ‘ஷுட்’ தகுந்த காரணம் இருந்தால் விலகலாம், ‘மே’ விருப்பம்!

73 வயதில் ஒரு புதையல்

ஒரே பொருள் தரும் சொற்களைத் திரட்டிய பீட்டர் மார்க் ரோஜெட் தொழில்முறையில் யார்? டாக்டர்! 1805-ல் தன் சொந்த உபயோகத்துக்காகப் பட்டியல் போட ஆரம்பித்தார். புத்தகமாக வந்தது எப்போது? 1852-ல்! அப்போது அவருக்கு வயது 73! 1,000 தலைப்புகள். பெயர் ‘தெசாரஸ்’, கிரேக்கத்தில் புதையல் என்று பொருள். அன்றிலிருந்து இன்றுவரை அது அச்சில் இல்லாத நாளே இல்லை!

அதைவிட நெஞ்சைத் தொடுவது கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தின் கதை. ஆங்கிலத்தின் எல்லாக் காலத்துச் சொற்களையும் பொருள்வாரியாக அடுக்குவோம் என்று 1965-ல் மைக்கேல் சாமுவேல்ஸ் ஆரம்பித்தார். சொல்லுக்கொரு காகிதச் சீட்டு. 1978-ல் கட்டடத்தில் தீ! சீட்டுகள் பிழைத்தது எப்படி? இரும்பு அலமாரிக்குள் இருந்ததால்! 2009-ல் வேலை முடிந்து வெளிவந்தபோது ஏறக்குறைய 8,00,000 பொருள்கள். 44 ஆண்டு உழைப்பு! தொடங்கியவர் கண்ணாலேயே அதைப் பார்த்தார். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கும்.

18 வினை போதுமா?

போதும் என்றார் சி. கே. ஆக்டன்! 1930-ல் அவர் அமைத்த ‘பேசிக் இங்கிலிஷ்’ மொத்தமே 850 சொல். அதில் வினைகள்? வெறும் 18! ‘என்டர்’ தேவையில்லை, ‘கம் இன்’ இருக்கிறதே என்றார்.

விமானம் பழுது பார்க்கும் கையேடுகளிலும் இப்படி ஒரு கட்டுப்பாடு உண்டு. ‘எளிய தொழில்நுட்ப ஆங்கிலம்’ என்று பெயர். அங்கே ‘ஸ்டார்ட்’ போடலாம். ‘பிகின்’, ‘கமென்ஸ்’, ‘இனிஷியேட்’ மூன்றுக்கும் தடை! ‘ஃபாலோ’ என்றால் பின்னால் வருவது மட்டும். விதியைப் பின்பற்ற ‘ஒபே’. இறக்கையின் கீழ் நின்று படிக்கிற மெக்கானிக்குக்கு ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாமல் இருக்கலாமே!

இவ்வளவு கறார் எதற்கு? 1977 மார்ச் 27. டெனெரிஃப் தீவின் லாஸ் ரோதேயோஸ் விமான நிலையம். ஓடுபாதையில் அடர்ந்த மூடுபனி. கே.எல்.எம். நிறுவனத்தின் போயிங் 747 ஒரு முனையில். பான் ஆம் நிறுவனத்தின் இன்னொரு 747 அதே ஓடுபாதையில். கிளம்பிய பிறகு போக வேண்டிய பாதையைத்தான் கட்டுப்பாட்டு அறை சொன்னது. ஆனால் அந்த வாக்கியத்துக்குள் ‘டேக்-ஆஃப்’ என்ற சொல் இருந்தது. கே.எல்.எம். விமானத்திலிருந்து ‘இப்போது டேக்-ஆஃபில் இருக்கிறோம்’ என்று பதில் வந்தது. புறப்படும் இடத்தில் காத்திருக்கிறார்கள் என்று கட்டுப்பாட்டாளர் நினைத்தார். விமானமோ ஓடிக்கொண்டிருந்தது. 583 பேர் இறந்தார்கள். இங்கே ஆச்சரியக்குறி போட எனக்குக் கை வரவில்லை.

பனி, அவசரம், ஒன்றன்மேல் ஒன்று விழுந்த வானொலிப் பேச்சு என்று காரணங்கள் பல. ஆனால் அதன் பிறகு வானில் ஒரு சொல் விதி வந்தது. ‘டேக்-ஆஃப்’ என்ற சொல்லை, மேலெழும்ப அனுமதி தரும்போதும் அதை ரத்து செய்யும்போதும் மட்டுமே உச்சரிக்கலாம். மற்ற நேரமெல்லாம் ‘டிபார்ச்சர்’. நீங்கள் ஏறும் ஒவ்வொரு விமானத்திலும் இந்த விதி கூடவே பறக்கிறது!

தமிழ் உச்சரிப்பு எழுதிய ஆங்கிலேயர்

‘மிஸ்டேக்’கை ‘மேக்’ செய்ய வேண்டும், ‘ஹோம்வொர்க்’கை ‘டூ’ செய்ய வேண்டும். ஏன்? காரணம் கேட்டால் கிடைக்காது! ஒரு சொல்லைத் தெரிந்துகொள்ள அது யாரோடு சேர்ந்து திரிகிறது என்று பாருங்கள் என்று 1957-ல் எழுதினார் ஜே. ஆர். ஃபர்த். பிரிட்டனின் முதல் பொது மொழியியல் பேராசிரியர் அவர். அதே ஃபர்த் 1934-ல் எதைப் பற்றி எழுதினார் தெரியுமா? தமிழ் உச்சரிப்பைப் பற்றி! நாம் கோலத்தைப் ‘போடுகிறோம்’, பூவைக் ‘கட்டுகிறோம்’, முடிவை ‘எடுக்கிறோம்’. யாராவது நமக்கு விதி சொல்லித் தந்தார்களா?

தொல்காப்பியரிடம் ஒரு கேள்வி

‘கிவ்’ ஒன்றுதான் ஆங்கிலத்தில். தமிழில் ஈ, தா, கொடு என்று மூன்று! தாழ்ந்தவர் உயர்ந்தவரிடம் கேட்டால் ஈ, சமமானவரிடம் தா, உயர்ந்தவர் கேட்டால் கொடு என்று தொல்காப்பியம் பிரித்து வைத்திருக்கிறது! கேட்பவரின் நிலையைப் பார்த்து வினை மாறுகிறது!

இன்னும் ஒன்று உண்டு. வருதலும் தருதலும் தன்மை, முன்னிலை நோக்கி. செல்லுதலும் கொடுத்தலும் படர்க்கை நோக்கி என்று அதே தொல்காப்பியத்தின் சொல்லதிகாரம் சொல்கிறது. அதாவது, நம் பேச்சைக் கேட்பவர் இருக்கும் இடத்துக்குப் போவதும் ‘வருவது’தான்! ‘கம்’மா ‘கோ’வா, ‘பிரிங்’கா ‘டேக்’கா என்று ஆங்கிலம் படிப்பவர்கள் இன்று தலையைப் பிய்த்துக்கொள்ளும் கேள்வி இதுவேதான்!

சமையலறையிலிருந்து அம்மா கூப்பிடுகிறார் என்று வையுங்கள். ஸ்பெயின் நாட்டுப் பிள்ளை ‘யா வோய்’ என்று கத்தும். அதன் நேர்ப்பொருள் என்ன தெரியுமா? ‘இதோ போகிறேன்’! ஸ்பானிஷ் மொழியில் அங்கே ‘வா’வுக்கு இடமே இல்லை! லண்டன் பிள்ளை என்ன சொல்லும்? ‘ஐ’ம் கமிங்!’ நம் வீட்டுப் பிள்ளை?

‘இதோ வர்றேம்மா!’